லீஃப்ஸ்: புதன் 6–1 தோல்வி, வெள்ளி 2–0 வெற்றி, ஞாயிறு 6–1 தோல்வி. இது எப்படி?

மக்கோவன் குமரன் | 19 மே 2025 | கேள்வி

கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று இரவு எழுதாமல் விட்டேன். ஆறவில்லை. லோங் வீக்கெண்ட் என்றபடியால் வேலைக்குப் போய் மறக்கவும் வழியில்லை.

புதன்கிழமை ஸ்கோஷியாபாங்க் அரீனாவில், எங்கள் சொந்த ஐஸில், ரொறன்ரோ லீஃப்ஸ் ஹொக்கி அணிக்கு புளோரிடாவிடம் 6–1 தோல்வி. கோல்கீப்பர் வோலை எடுத்துவிட்டு மரேயை இறக்கினார்கள். ஆட்டம் முடியுமுன்னமே சனம் எழும்பி யூனியன் ஸ்டேஷனுக்கு நடக்கத் தொடங்கிவிட்டது. ஜெர்சியைக் கழற்றி ஐஸில் எறிந்தவரும் உண்டு. வெள்ளிக்கிழமை அதே ஆட்கள் புளோரிடாவுக்குப் போய் 2–0 என்று வென்றார்கள். அதே வோல் ஒரு கோலும் விடவில்லை. நேற்று ஞாயிறு, தொடரின் கடைசியான 7ஆவது ஆட்டம், திரும்பவும் வீட்டில், திரும்பவும் 6–1. 5 நாளில் இரண்டு அணிகளைப் பார்த்தேன், இரண்டும் ஒரே நீல ஜெர்சியில்.

தோற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை. புளோரிடா போன வருடம் ஸ்டான்லி கப் எடுத்த அணி, அவர்களிடம் தோற்பதில் வெட்கம் இல்லை. விளங்காதது இந்த ஏற்ற இறக்கம்தான். சீசனில் 52 வெற்றி, 108 புள்ளி, அட்லாண்டிக் பிரிவில் முதலிடம். பிறகு பிளேஆஃபில் (முதலில் நாலு ஆட்டம் வெல்பவர் அடுத்த சுற்றுக்கு) ஒட்டாவாவுடன் 3–0 என்று முன்னுக்கு நின்றுவிட்டு அடுத்த இரண்டையும் விட்டார்கள் (அதில் ஒன்று வீட்டில் 4–0), 6ஆவது ஆட்டத்தில்தான் கரை சேர்ந்தோம். புளோரிடாவுடன் முதல் இரண்டு ஆட்டமும் எங்களுக்கு. மூன்றாவதில் 23ஆவது விநாடியிலேயே எங்கள் வீரன் நைஸ் கோல் அடித்தான், 3–1 வரை போனோம், கடைசியில் ஓவர்டைமில் 5–4 தோல்வி.

கோச் பெரூபேயைத் திட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இது அவர் கொண்டுவந்த வியாதி இல்லை. 2020 ஓகஸ்டில் கொலம்பஸுடன் நடந்த தொடரை யாராவது மறந்தீர்களா? ஒரு நாள் 3–0 முன்னுக்கு நின்று 4–3 தோற்றார்கள். அடுத்த நாளே 3–0 பின்னுக்கு நின்று, கடைசி 4 நிமிடத்துக்குள் மூன்றையும் திருப்பி அடித்து, ஓவர்டைமில் 4–3 வென்றார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்காமல் சீசனை முடித்தார்கள். அதே வருடம் பெப்ரவரியில் கரோலைனாவின் இரண்டு கோல்கீப்பர்களும் காயப்பட்டு, டேவிட் ஏர்ஸ் என்ற 42 வயதுக்காரர் அவர்கள் பக்கம் இறங்கினார். ஐஸைத் துப்புரவாக்கும் சம்போனி வண்டி ஓட்டியவர், எங்கள் ஆட்களுக்கே பயிற்சியில் கோலில் நின்றவர். முதல் இரண்டு ஷொட்டும் உள்ளே போனது. அதோடு சரி, பிறகு ஒன்றுமே போகவில்லை. 6–3 தோல்வி!

நான் டெலிவரி டிரக் ஓட்டுகிறவன், சீசனில் பாதி ஆட்டம் எனக்கு ரேடியோவில்தான். படம் இல்லாமல் கேட்கும்போது ஒன்று நன்றாக விளங்கும். வெல்கிற இரவில் வர்ணனையாளர் எங்கள் ஆட்களின் பெயரைக் கோவையாகச் சொல்லுவார்: ரைலி, டவாரஸ், நைலாண்டர் என்று ஒருவர் கையிலிருந்து ஒருவருக்குப் போகும். தோற்கிற இரவில் பெயர் ஒன்று, பிறகு 'கண்ணாடியில் பட்டு வெளியே', பிறகு எதிரணிப் பெயர்கள் நாலைந்து. பக் (ஆடுகிற ரப்பர் வட்டு) நீலக்கோட்டைத் தாண்டும், திரும்பி வரும், தாண்டும், திரும்பி வரும். கேட்டுக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் நிற்பது தனி வேதனை.

மாமா (மனைவியின் அப்பா, ஊரில் கால்பந்து ஆடியவர்) நேற்று மூன்று பீரியடில் இரண்டாவது முடிய எழும்பிப் படுக்கப் போனார். போகும்போது சொன்னது இதுதான்: "உவங்கள் ஒரு கோல் வாங்கினாப் பிறகு வேற ஆக்கள் மாதிரி நிக்கிறாங்கள்."

காசா, கோச்சா, மனமா, இல்லை ஹொக்கி என்றாலே இப்படித்தானா? 'சாபம்' என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். கடைசியாகக் கப் எடுத்த 1967ஐப் பற்றி எனக்குத் தெரியும்.


ஸ்டீல்ஸ் சுதன்

அண்ணா, காசுதான். வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் பெரிய நாலு பேரின் வருடச் சம்பளம்: மத்தியூஸ் 13.25 மில்லியன் டொலர், நைலாண்டர் 11.5, டவாரஸ் 11, மார்னர் 10.9. கூட்டினால் 46 மில்லியனுக்கு மேல். 2024–25 சீசனுக்கான சம்பள உச்சவரம்பு (ஓர் அணி எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடியது) 88 மில்லியன். நாலு பேர் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு போகிறார்கள், மிச்சம் இருப்பதில் கோல்கீப்பர், ஆறு டிஃபென்ஸ், இரண்டு லைன் (முன்னுக்கு ஆடும் மூவர் கூட்டு) எல்லாம் பார்க்க வேண்டும். கலியாணத்துக்கு மண்டபக் காசு கட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குக் கடன் வாங்குகிற கதை.

புளோரிடாவில் 10 மில்லியனைத் தாண்டின ஆள் ஒருவரும் இல்லை. பார்கோவ் 10, கச்சக் 9.5, ரைன்ஹார்ட் 8.6. (அங்கே மாநில வருமான வரி இல்லை, அதனால் குறைத்துக் கையெழுத்து வைக்கிறார்கள். அதுவும் அநியாயம்தான், ஆனால் அது வேறு சண்டை.) நேற்று அவர்களுடைய மூன்றாவது கோலை அடித்தது யார்? காட்ஜோவிச். குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி வாங்குகிற நாலாவது லைன் ஆள். எங்கள் நாலாவது லைன் எத்தனை கோல் அடித்தது?

நாலு பேரும் நன்றாக ஆடினால் யாரையும் வெல்லுவோம். நாலு பேருக்கும் வாய்ப்பு அடைபட்டால் யாரிடமும் தோற்போம். நீங்கள் கேட்ட ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் அதுதான். மார்னருடைய ஒப்பந்தம் இந்தக் கோடையில் முடிகிறது. போகட்டும் என்று விடுங்கள்.


எண்ணும் எழுத்தும்

கொஞ்சம் பொறுங்கள். கேள்வியையே நான் பாதிதான் ஒத்துக்கொள்கிறேன்.

ஹொக்கியில் ஓர் அணி ஓர் இரவில் 30 ஷொட் அளவில் அடிக்கும். கோல்கீப்பர் பத்தில் ஒன்பதைத் தடுப்பார். ஆகவே மூன்று கோல் அளவில் விழும். இந்த மூன்று, ஒன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் பெரிய காரணம் தேவையில்லை. ஒரு ஸ்கேட்டில் பட்டுத் திரும்பினால் போதும். 3ஆவது ஆட்டத்தில் புளோரிடாவின் மார்ஷண்ட் அடித்த ஓவர்டைம் கோல் ரைலியின் ஸ்டிக்கில் பட்டுத்தான் உள்ளே போனது. அது படாமல் போயிருந்தால் தொடர் 3–0 ஆகியிருக்கலாம், நீங்கள் இப்போது வேறு திரி தொடங்கியிருப்பீர்கள்.

நல்ல அணிகளுக்கும் இதேதான். 2018–19இல் டாம்பா 62 ஆட்டம் வென்றது. முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நாலுக்கு நாலும் தோற்றது. 2022–23இல் பொஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி என்று சாதனையே படைத்தது. முதல் சுற்றில் 3–1 முன்னுக்கு நின்றும் புளோரிடாவிடம் 7 ஆட்டத்தில் போனது. அவர்களை யாரும் 'மனம் பலவீனம்' என்று சொல்லவில்லை.

ஆனால் அதிர்ஷ்டத்தால் விளக்க முடியாத ஒன்று என்னிடமும் இருக்கிறது. 2019இலிருந்து, தொடரின் கடைசி, இரண்டு அணிக்கும் தோற்றால் வீடு என்ற ஆட்டங்களை மட்டும் எடுங்கள். 2019 பொஸ்டனிடம் 5–1. 2020 கொலம்பஸிடம் 3–0. 2021 மொன்றியலிடம் 3–1. 2022 டாம்பாவிடம் 2–1. 2024 பொஸ்டனிடம் ஓவர்டைமில் 2–1. நேற்று 6–1. ஆறு ஆட்டத்தில் லீஃப்ஸ் அடித்தது மொத்தம் 5 கோல். லீக்கிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் தாக்குதல் வரிசை, ஆட்டத்துக்கு ஒரு கோல்கூடத் தேறவில்லை. ஆறு வெவ்வேறு கோல்கீப்பர்கள் ஆறு இரவு தெய்வமாக நின்றார்கள் என்று நான் நம்ப மாட்டேன்.

பவர்பிளேயை (பெனால்டியால் எதிரணியில் ஆள் குறைந்து நிற்கும் நேரம்) பாருங்கள். 2021இல் மொன்றியலுடன் 23 வாய்ப்பில் 3. 2024இல் பொஸ்டனுடன் 21 வாய்ப்பில் 1. சீசனில் அதே ஐந்து பேர் அதே இடங்களில் நின்று அடித்துத் தள்ளுவார்கள். பிளேஆஃபில் ஒரே எதிரணி ஒரே வீடியோவை வாரக்கணக்காகப் பார்த்துவிட்டு வருகிறது. எங்களிடம் இரண்டாவது திட்டம் இல்லை.


மக்கோவன் குமரன்

சுதன் தம்பி, காசுக் கணக்கு சரி. ஆனால் வெள்ளிக்கிழமையும் அதே சம்பளம்தான் வாங்கினார்கள். மத்தியூஸ்தான் அன்றைக்கு மூன்றாவது பீரியடில் முதல் கோலை அடித்தார். சம்பளம் ஏன் தோற்கிறோம் என்பதைச் சொல்லும். ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதைச் சொல்லாது.

எண்ணும் எழுத்தும், அந்த 5 கோல் கணக்கை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆறு முறையும் பக் மற்றப் பக்கமே உருண்டதாமோ" என்று கேட்டார்.


செண்டெனியல் வாணி

அண்ணா, உங்கள் ரேடியோக் கதையில்தான் பதில் இருக்கிறது. அதை ஒருவரும் தொடவில்லை.

நான் பெண்கள் லீக்கில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் டிஃபென்ஸ் ஆடுகிறேன். பெரிய ஆள் இல்லை, முழங்கால் இரண்டிலும் பட்டி. ஆனால் ஐஸில் நின்றால் தொலைக்காட்சியில் தெரியாத சில தெரியும்.

ஒரு ஷிஃப்ட் (ஒரு தரம் ஐஸில் இறங்கி ஆடுவது) 45 விநாடி அளவு. அதற்கு மேல் நின்றால் கால் ஈயமாகிவிடும், மூளையும் கூடவே. 45 விநாடிக்குள் பக்கை மற்றப் பக்கம் தள்ளிவிட்டு பெஞ்சுக்கு ஓட வேண்டும். முதல் பீரியடிலும் மூன்றாவதிலும் எங்கள் பெஞ்ச் எங்கள் கோலுக்குக் கிட்ட இருக்கும், டிஃபென்ஸ் ஆட்கள் நாலு தள்ளலில் வெளியே ஏறிவிடுவார்கள். இரண்டாவது பீரியடில் பக்கம் மாறும். பெஞ்ச் தூரத்துக்குப் போய்விடும். அப்போது உங்கள் கோல் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் மாறவே ஏலாது. மூச்சு வாங்க பக்கை ஒரேயடியாக மறு கோடிக்கு அடித்தால் ஐசிங் என்ற தவறு. ஐசிங் ஆனால் களைத்த அதே ஐந்து பேரும் ஐஸிலேயே நிற்க வேண்டும், எதிரணி மட்டும் புது ஆட்களை இறக்கும். நான் அப்படி நின்றிருக்கிறேன். எதிரே வருகிறவளின் ஜெர்சி இலக்கம் தெரியும், அவளிடம் போய்ச் சேரக் கால் வராது.

நேற்று இரண்டாவது பீரியடை இன்னொரு முறை பாருங்கள். முதல் பீரியட் 0–0, நாங்கள் மோசமில்லை. இரண்டாவதில் புளோரிடாவின் ஜோன்ஸ், லண்டெல், காட்ஜோவிச் என்று மூன்று கோல். புளோரிடா வேண்டுமென்றே செய்கிறது. பக்கை எங்கள் மூலைக்குள் எறியும், இரண்டு பேர் முழு வேகத்தில் வந்து டிஃபென்ஸ் ஆளை இடிப்பார்கள், மூன்றாவது ஆள் பாஸ் போகிற பாதையில் நிற்பார். இதை உடைக்க வழி, முதல் பாஸை அமைதியாக நடுவில் நிற்கிறவரின் ஸ்டிக்கில் வைப்பது. அதற்கு அப்படிப்பட்ட டிஃபென்ஸ் வேண்டும். எங்களிடம் இருப்பவர்கள் உயரமான, பலமான, ஷொட்டுக்கு முன்னால் விழத் தயங்காத ஆட்கள். குறை சொல்லவில்லை, அவர்களால்தான் வெள்ளிக்கிழமை 2–0. ஆனால் அழுத்தம் கூடினால் அவர்கள் கை தேடுவது கண்ணாடியைத்தான். நீங்கள் ரேடியோவில் கேட்ட 'கண்ணாடியில் பட்டு வெளியே' அதுதான்.

இந்த அணிக்கு ஒரே ஒரு விதமாகத்தான் வெல்லத் தெரியும்: பின்னுக்கு அடைத்து நிற்பது, கோல்கீப்பரை நம்புவது, நாலு பேரில் ஒருவருக்கு ஒரு வாய்ப்பு வரும்வரை பொறுப்பது. ஆட்டம் 0–0 ஆகவோ முன்னிலையிலோ இருக்கும்வரை இது அழகாக வேலை செய்யும். இரண்டு கோல் பின்னுக்குப் போனால் அதே ஆட்டத்தை ஆட ஏலாது. வேறு ஆட்டம் பழகவும் இல்லை. உங்கள் மாமா சொன்னது முழுக்கச் சரி, 'வேற ஆக்கள் மாதிரி' நிற்பது அதனால்தான். நேற்று மூன்றாவது பீரியடில் எங்கள் டோமி ஒன்றை அடித்து 3–1 ஆக்கினார், அரங்கம் எழும்பியது, ஒரு நிமிடம் ஆகுமுன் லூஸ்தாரினன் 4–1 ஆக்கிவிட்டார். எழும்பின சனம் இருக்கக்கூட இல்லை.


பழைய கார்டன்ஸ்

பிள்ளை வாணி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இத்தனை வருடம் பார்க்கிறேன், இரண்டாவது பீரியட் விஷயத்தை இப்படி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் சனம் வெல்லஸ்லி, பார்லிமென்ட் வீதிக் கட்டிடங்களில் நெருங்கி இருந்த காலத்தில் வந்தவன் நான். லீஃப்ஸின் பழைய அரங்கமான மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் நடந்து போகிற தூரம். டிக்கெட் வாங்க வசதி இல்லை, கார்ல்டன் வீதியில் வேலை முடிந்து வரும்போது சத்தம் மட்டும் கேட்கும். 1993 அணியைப் பார்த்தவர்களுக்கு இன்றைய கதை எரிச்சலாகத்தான் இருக்கும். அதில் பெரிய நட்சத்திரம் கில்மோர் ஒருவர்தான். அந்தச் சீசனில் கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து 127 புள்ளி எடுத்தவர். மெலிந்த உடம்பு. ஆனால் பக் பறிபோனால் முதலில் பின்னுக்கு ஓடுகிறவரும் அவர்தான். தலைவன் ஓடினால் நாலாவது லைன் ஆளுக்கு ஓடாமல் இருக்க வெட்கம் வரும். பற் பேர்ன்ஸ் கோச். டெட்ராய்ட், சென்ட் லூயிஸ், லொஸ் ஏஞ்சலிஸ் மூன்றும் 7 ஆட்டம் வரை போனது. கடைசியில் கிரெட்ஸ்கி மூன்று கோல் அடித்து எங்களை வெளியே அனுப்பினார், 5–4. (6ஆவது ஆட்டத்தில் கிரெட்ஸ்கியின் ஸ்டிக் கில்மோரின் முகத்தில் பட்டதையும் நடுவர் விசில் ஊதாததையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.) தோற்றோம். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு எந்த அணி வரும் என்று யாரும் யோசித்ததில்லை.

மத்தியூஸ் திறமையில் கில்மோருக்கு மேல் என்றே சொல்லுவேன். போன வருடம் 69 கோல் அடித்தவர். இந்த பிளேஆஃபில் 13 ஆட்டத்தில் 3. காயம் இருக்கிறது என்று தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்ற மூன்று பேருக்கும் என்ன காயம்?


ஸ்டீல்ஸ் சுதன்

மார்ஷண்டைச் சொல்ல மறந்துவிட்டேன். 2013, 2018, 2019, 2024 நாலும் பொஸ்டன் ஜெர்சியில், நேற்று புளோரிடா ஜெர்சியில். 7ஆவது ஆட்டத்தில் அந்த ஆள் எங்களை ஐந்து முறை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அவரை வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும், குறைந்தது எதிரே நிற்கமாட்டார்.


எண்ணும் எழுத்தும்

37 வயது, சுதன். இருந்தாலும் சிரித்துவிட்டேன்.

வாணி சொன்னதோடு ஒரு திருத்தம் மட்டும். இரண்டாவது பீரியடில் பெஞ்ச் தூரம் இரண்டு அணிக்கும்தான். எல்லா அணிக்கும் அதில் கோல் கூடத்தான் விழும். லீஃப்ஸ் மட்டும் மாட்டுப்படுவதாகச் சொன்னால், அந்தத் தூரத்தை எதிரணிக்கு எதிராகத் தாங்கள் பயன்படுத்தவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும்.


செண்டெனியல் வாணி

சேர்த்துவிட்டேன். நான் சொல்ல வந்ததும் அதுவே. அதைப் பயன்படுத்த முதலில் பக் உங்களிடம் இருக்க வேண்டும். பக்கைக் கண்ணாடியில் அடித்து அனுப்புகிறவனுக்கு பெஞ்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான்.


மக்கோவன் குமரன்

வாணி தங்கச்சி, கடைசியாக ஒன்று. மார்னர் போனால் 11 மில்லியன் அளவு கையில் வரும், உச்சவரம்பும் அடுத்த சீசனில் 95.5 மில்லியனுக்கு ஏறுகிறது. நீங்கள் ஜெனரல் மேனேஜர் என்றால் அந்தக் காசை எங்கே போடுவீர்கள்? இன்னொரு கோல் அடிக்கிறவனிலா?


செண்டெனியல் வாணி

இல்லை அண்ணா. பக்கோடு பின்னுக்குத் திரும்பி, தோளுக்கு மேலால் ஒருமுறை பார்த்து, வருகிறவனை ஏமாற்றிவிட்டு வெளியே வரக்கூடிய ஒரு வலக்கை டிஃபென்ஸ் ஆள். லீக்கில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சப் பேர்தான், யாரும் லேசில் விடவும் மாட்டார்கள். மார்னர் போனால் போகட்டும் என்று சுதன் சொல்லுகிறார், ஆனால் நடுவில் பக்கைத் தடம் மாறாமல் கொண்டுபோன ஆளும் அவர்தான், பெனால்டியில் ஆள் குறைந்து நிற்கும்போது முதலில் இறக்கியதும் அவரைத்தான். அவருடைய இடத்துக்கு இரண்டு பேர் வேண்டும். அந்த 11 மில்லியன் நீங்கள் நினைக்கிறதைவிடக் கெதியாகக் கரைந்துவிடும்.